வலிக்கு மூன்று மார்க்

ஒருவர் தன் வலிக்குத் தானே போட்ட மார்க்கை இன்னொருவர் திருத்தலாமா? நான் திருத்தினேன். நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனாலும் இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை விடை தெரியவில்லை. இப்போது அதே கேள்வி வேறு உருவத்தில் எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து நிற்பதால் அந்த ஒருவரைப் பற்றி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

தி.நகரில் நாங்கள் முன்பு குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மூன்றாவது மாடியில் எங்களுக்கு எதிர் வீட்டில் அவர் தனியாக இருந்தார். பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால், "கட்டுரைக்கு மூணரை, என் பேரைப் போட்டதுக்கு அரை குறைச்சு மூணு" என்று சொல்லியனுப்புவார். கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் ஆன்ட்டி. வாட்ச்மேனுக்கும் ஆன்ட்டி, வாட்ச்மேனின் அப்பாவுக்கும் ஆன்ட்டி.

ஓய்வுபெறும்வரை ஒரு ஏற்றுமதி ஆடை நிறுவனத்தில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தவர். நாள் முழுக்க மேஜை முன்னால் நின்றுகொண்டு, சட்டையை உள்ளும் புறமுமாகத் திருப்பி, தையல் விட்ட இடத்தையும் பிசிறு நீட்டிய நூலையும் கண்டுபிடித்துத் தள்ளிவைப்பது வேலை. அந்த வேலை அவருக்கு இரண்டு விஷயங்களைக் கொடுத்தது. ஒன்று, தேய்ந்த முழங்கால். இன்னொன்று, எதைப் பார்த்தாலும் பத்துக்கு எத்தனை என்று மார்க் போடும் பழக்கம்.

நான் கொடுத்தனுப்பும் சாம்பாருக்கு நாலு. பாண்டி பஜார் துணிக்கடையில் புடவையை விரித்துக் காட்டி மறுபடி மடித்த பையனிடம், "மடிப்புக்கு நாலரை தம்பி, ஆனா நீ ஓரத்தைப் பாக்காம மடிக்கறே" என்றார். அவன் பாராட்டா திட்டா என்று புரியாமல் என்னைப் பார்த்தான். நான் புடவையைப் பார்த்தேன். எங்கள் மாடிப்படிக்கு இரண்டு மார்க், ஏறும்போது ஒன்றரை. கூடத்தில் மாலை போட்டு மாட்டியிருந்த கணவரின் படத்தைக் காட்டி ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அவருக்கு ஏழு," என்றார். "குறட்டை மட்டும் இல்லன்னா இன்னொரு அரை போட்டிருப்பேன். ஆனா மனுஷனுக்குப் போய் ஏழரைன்னு போட்டா நல்லாவா இருக்கும்?"

ஏழுக்கு மேல் அவர் யாருக்கும் எதற்கும் கொடுத்து நான் கேட்டதில்லை. ஏன் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

"பத்துன்னா என்ன அர்த்தம்? அதுக்கு மேல ஒண்ணும் கிடையாதுன்னு அர்த்தம். இன்னைக்குத் தூக்கிக் குடுத்துட்டு, நாளைக்கு இதைவிடப் பெருசா ஒண்ணு வந்து நின்னா அதுக்கு எங்கேந்து எடுத்துக் குடுப்பேன்?"

என் மகள் பிறந்து, அம்மா வீட்டிலிருந்து நான் குழந்தையோடு திரும்பிய அன்று கட்டடமே வந்து பார்த்தது. ராஜாத்தி என்றார்கள், அப்படியே அப்பா மூக்கு என்றார்கள். அவர் மட்டும் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, குழந்தையை ஜன்னல் பக்கம் திருப்பச் சொன்னார். காது மடல், புறங்கை, குதிகால் எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு, "ஆறு," என்றார்.

"என்ன ஆன்ட்டி ஆறு?"

"பத்துக்கு ஆறு. காது நல்லா அமைஞ்சிருக்கு. புருவம் இன்னும் முடிவுக்கு வரல."

அவர் போனதும் அழுதுவிட்டேன். என் குழந்தைக்கு ஆறா? கணவர் சிரித்தார். "குடிவந்த அன்னைக்கு என்னைப் பாத்து மூணுன்னாங்க. நான் அழுதேனா?" என்றார். கட்டடத்தில் பிறந்த குழந்தைகளிலேயே ஆறு வாங்கியது என் மகள் மட்டும்தான் என்று பிறகு கீழ்வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. அன்று மறுபடியும் கொஞ்சம் அழுதேன்.

நான் பயந்த சுபாவம். குழந்தை விக்கினால் பயம், விக்காமல் தூங்கினால் பயம். எல்லோரும் "ஒண்ணும் ஆகாது" என்பார்கள். ஒன்றும் ஆகாது என்று யாராவது சொன்னாலே எனக்குப் பயம் இரண்டு மடங்காகும். எதிர் வீட்டுக் கதவைத் தட்டினால் மட்டும் சமாதானம் கிடைக்கும். "ஒண்ணு. கொசு கடிச்சிருக்கு." "ஒண்ணரை. பசி." "அரை. உனக்குத்தான் தூக்கம் வேணும், போ." எண் என்று ஒன்று வந்துவிட்டால் மனம் அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறது.

ஒரு மாலை, வெறும் சளி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, எதற்கோ வந்த ஆன்ட்டி குழந்தையின் சட்டையைத் தூக்கி விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்வாங்குவதைப் பார்த்தார். "அஞ்சு," என்றார். "ஆட்டோவைக் கூப்பிடு."

நான் குழந்தையை வாரிக்கொண்டு ஓடினேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, வலது காலைக் கீழே வைக்கும்போதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டு அவரும் கூடவே இறங்கி வந்தார். இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு. குழந்தை மருத்துவர் உடனே ஆவி பிடிக்கும் கருவியை வைத்துவிட்டு, "சீக்கிரம் கொண்டுவந்தீங்க, நல்லதாப் போச்சு" என்றார். அதன்பிறகு ஆன்ட்டி வாயில் 'அஞ்சு' என்ற எண் வந்தால் நான் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவேன்.

இந்தக் கறாரினாலேயே கட்டடத்தின் எல்லாப் போட்டிகளுக்கும் அவர்தான் நடுவர். அவருக்கு வேண்டிய பிள்ளை, வேண்டாத பிள்ளை கிடையாது. ஒரு பொங்கலுக்கு மொட்டை மாடியில் மாறுவேடப் போட்டி. என் மகள் கத்தரிக்காய். ஊதாத் துணி, பச்சைக் காகிதத்தில் காம்பு. மேடையேறியதும் காம்பு கழன்று மூக்கில் தொங்கியது. அவள் அப்படியே நின்றாள். ஆன்ட்டி, "நாலு" என்று அறிவித்தார். நான் நாற்காலியில் குறுகிப் போனேன். நாலா? ஒரு வாரம் தைத்தேனே. பிறகுதான் மற்றவர்களின் மார்க் காதில் விழுந்தது. முருகன் வேஷத்துக்கு மூன்றரை, ஏனென்றால் வேல் வளைந்திருந்தது. டிராபிக் போலீஸுக்கு மூன்று. "சிரிக்கறான். டிராபிக் போலீஸ் டூட்டியில சிரிக்குமா?" என் கத்தரிக்காய்க்கு முதல் பரிசு.

இந்த நாலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்துபோனதால்தான் அத்தனை ஓட்டமும்.

அவருடைய ஒரே மகன் டொரன்டோவில் இருந்தார். நல்ல மனிதர்; இதைச் சொல்லியே ஆகவேண்டும். அம்மாவின் முழங்காலைக் கண்டு தூக்கம் வராமல் தவித்தவர். அறுவை சிகிச்சைக்காக விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். ஒருநாள் காப்பியோடு நான் உள்ளே போனபோது அம்மாவுக்கும் மகனுக்கும் பேரம் நடந்துகொண்டிருந்தது.

"மா, முட்டியை மாத்திக்கோ. அதுக்கப்புறமும் மூணு மாடி ஏற முடியலன்னா வீட்டை வித்துட்டு கோயம்புத்தூர் பக்கம் நான் பாத்துவெச்ச முதியோர் குடியிருப்புக்குப் போயிடணும்."

"ஏறிட்டா?"

"ஏறிட்டா நான் வாயே திறக்கமாட்டேன்."

ஆன்ட்டி கையை நீட்டி மகனின் கையைக் குலுக்கினார். அந்தக் குடியிருப்பின் புகைப்படங்களுக்கு அவர் ஏற்கெனவே ஒன்றரை போட்டிருந்தார். "சாயங்காலம் எல்லாரையும் வட்டமா உக்காரவெச்சு கை தட்டச் சொல்றாங்க. எதுக்குத் தட்டறாங்கன்னு போட்டோவுல தெரியல" என்றார் என்னிடம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் டம்ளரைப் பிடித்திருந்த கை சிரிக்கவில்லை.

அடையாறு பக்கம் ஒரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை. முந்தைய நாள் மயக்க மருந்து டாக்டர் வந்து விளக்கினார். இளம்பெண், என் வயதுதான் இருக்கும்.

"ஆபரேஷன் முடியறப்ப முட்டியைச் சுத்தி உள்ளேயே மரத்துப்போற ஊசி போட்டுடுவாங்கம்மா. ஏறக்குறைய ஒரு நாள் தாங்கும். அது இறங்கறப்ப சமாளிக்க, தொடையில மெல்லிசா ஒரு டியூப் வைக்கறேன். அது வழியா முட்டிக்குப் போற நரம்புக்கு மட்டும் மருந்து போகும். மத்தபடி நீங்க தெளிவா இருப்பீங்க, நடக்கலாம், முட்டியை மடக்கலாம். ஆரம்பத்துலேயே மடக்கிப் பழகணும், இல்லன்னா இறுகிடும். வலி ஏறினா டியூப்ல கூடுதலா மருந்து விடுவோம். நீங்க செய்யவேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். சிஸ்டர் வந்து வலி பத்துக்கு எத்தனைன்னு கேக்கறப்ப சரியா சொல்லணும்."

"சரியா சொல்றதுதான் டாக்டர் என் வேலையே," என்றார் ஆன்ட்டி பெருமையாக.

நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன். இவரைவிடச் சரியாகச் சொல்ல யாரால் முடியும் என்றுகூட நினைத்தேன்.

முதல் நாள் திருவிழாதான். கட்டடத்தார் முறைவைத்துக்கொண்டு துணைக்கு இருந்தோம்; காலை முறைக்கு நான் போனபோது அவர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்துகொண்டிருந்தார். புது முட்டி போட்ட மறுநாள். வார்டே எட்டிப் பார்த்தது. "வலி எத்தனைம்மா?" என்று சிஸ்டர் கேட்க, "ஒண்ணு" என்றார். எனக்கு அப்போதே ஓடிப்போய்க் கட்டடத்தில் எல்லோருக்கும் சொல்லவேண்டும் போல இருந்தது. மூன்று மாடியும் ஏறி முடித்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன்.

அன்று பிற்பகல் முட்டிக்குள் போட்ட ஊசியின் வேகம் இறங்க ஆரம்பித்தது. "ரெண்டு." பிறகு, "ரெண்டரை." மறுநாள் காலை, "மூணு."

"மூணுதானா? சூப்பர் பாட்டி," என்றாள் சிஸ்டர். நாலு தாண்டினால்தான் கூடுதல் மருந்து. எழுதிக்கொண்டு போய்விட்டாள். ஆன்ட்டி தன்னைப் பாட்டி என்று சொன்னதற்குச் சண்டைகூடப் போடவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்கவேண்டும்.

வார்டைத் துடைக்க வந்த ஆயாம்மாவுக்கு உறைத்தது. துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"இன்னா பாட்டிம்மா, கட்டில் கம்பிய இப்டி புட்சிக்கினு கீறே? கையே வெளுத்துப் பூட்ச்சு. வலிச்சா வாயத் தொறந்து சொல்லேன்."

"சொல்லிட்டேனே. மூணு."

"மூணுக்கு இன்னாத்துக்கு இம்மாம் வேர்வ?"

"வெயில்."

"ஏசி ஓடிக்கினு கீது பாட்டிம்மா."

பிசியோதெரபி இளைஞர் வந்தார். கணுக்காலைப் பிடித்து மெல்ல மடக்கப் பார்த்தார். பாதிகூடப் போகவில்லை. ஆன்ட்டி மூச்சை அடக்கிக்கொண்டு காலை மரமாக ஆக்கிக்கொண்டார். "மூணு வலிக்கே இப்படிப் பயந்தா எப்படிம்மா? நீங்கதான் ஒத்துழைக்கணும்," என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார். மகன் கட்டிலருகில் உட்கார்ந்து, அம்மாவின் கையை எடுத்துத் தடவியபடி மிக மென்மையாகச் சொன்னார்.

"வலி மூணுதான். ஆனா கால் மடங்கல. பயம்தான் மா உனக்கு. பயத்தோட எப்படித் தனியா இருப்பே? கோயம்புத்தூர்ல பேசிடட்டுமா?"

ஆன்ட்டி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பயந்தாங்கொள்ளி என்று யாரும் அவரைச் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு வாய் துறுதுறுத்தது. ஆனால் என்னவென்று சொல்வது? டாக்டர்கள் பார்க்கிறார்கள், பெற்ற மகன் பக்கத்தில் இருக்கிறார், நான் எதிர் வீடு. விளையாட்டுப் பள்ளியிலிருந்து மகளைக் கூட்டிவரும் நேரம் வேறு ஆகியிருந்தது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

செயலியில் பதிவு செய்த ஆட்டோ. அடையாற்றுப் பாலத்துச் சிக்னலில் நின்றபோது ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"மேடம், எறங்கச் சொல்லோ மறக்காம அஞ்சு ஸ்டார் போட்டுடுங்க. நாலு போட்டாலே கம்பெனில பேஜாரு பண்றானுங்க."

"நாலு நல்ல மார்க்தானேண்ணா?"

"யாருக்கு மேடம் நல்ல மார்க்கு? எல்லாரும் அஞ்சு போட்ற எடத்துல நாலுன்னா அவன் வேஸ்ட்டுன்னு அர்த்தம்."

எல்லோரும் ஐந்து போடுகிற இடத்தில் நாலு என்றால் வேஸ்ட். வேறு யாருமே நாலைத் தொடாத போட்டியில் நாலு என்றால்? பச்சைக் காம்பு மூக்கில் தொங்க என் கத்தரிக்காய் கண்முன் வந்து நின்றாள். நாலு. முதல் பரிசு. குழந்தைக்கு மூச்சு முட்டியதற்கு ஐந்து. அப்படியென்றால் மூன்று?

உடனே ஆன்ட்டியின் மகனுக்குப் போன் போட்டேன்.

"டியூபை எடுக்கப்போறாங்கம்மா," என்றார் அவர். "நேத்துலேந்து மூணைத் தாண்டவே இல்லையே, இனிமே தேவையில்லைன்னுட்டாங்க. சிஸ்டர் வந்துட்டாங்க. நல்ல விஷயம்தானே?"

"எடுக்க வேண்டாம்ணா. நிறுத்தச் சொல்லுங்க. நான் வர்றேன்."

"ஏன், என்ன ஆச்சு?"

"கத்தரிக்காய்ணா," என்றேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

"இன்னா மேடம், இப்பதானே அங்கேந்து வந்துகினு கீறோம்?" என்றார் ஓட்டுநர்.

"திருப்புங்கண்ணா. அஞ்சு ஸ்டார் போடறேன்."

அவர் திருப்பியதை விவரித்தால் போக்குவரத்துப் போலீஸார் யாராவது படித்துவிடலாம். பள்ளிக்குப் போன் செய்து மகளைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளும்படி கெஞ்சினேன். மருத்துவமனை லிஃப்ட் எல்லா மாடியிலும் நின்றது. ஒவ்வொரு மாடியிலும் எனக்கு ஒரு சந்தேகம். நான் யார்? நான் படித்தது கம்ப்யூட்டர் சயன்ஸ். உண்மையிலேயே மூன்றுதான் என்றால்? தேவையில்லாத மருந்தை உடம்பில் ஏற்ற வைத்தவள் ஆகமாட்டேனா? கதவு திறந்ததும் ஓடினேன்.

சிஸ்டர் கையுறை மாட்டிக்கொண்டு தொடையிலிருந்த பிளாஸ்திரியின் ஓரத்தைக் கிளப்பியிருந்தாள். மயக்க மருந்து டாக்டரும் நின்றிருந்தார்.

"ஒரு நிமிஷம், எடுக்காதீங்க," என்றேன்.

டாக்டர் திரும்பினார். "நீங்க யாரு?"

"எதிர் வீடு."

யாரோ சிரித்தார்கள். என் காது சூடாகிவிட்டது. "டாக்டர், இவங்க எங்க கட்டடத்துல ஜட்ஜ். இவங்க மார்க் நம்ம மார்க் இல்ல. என் பொண்ணுக்கு நாலு குடுத்தாங்க, அதுதான் முதல் பரிசு" என்று மூச்சு வாங்கச் சொன்னேன்.

ஆன்ட்டி கட்டிலிலிருந்து தலையைத் தூக்கினார். வெளிறிப்போயிருந்த முகத்தில் கண்கள் மட்டும் எரிந்தன. "வெளியில போ. மார்க் விஷயத்துல யாரும் தலையிடக்கூடாதுன்னு தெரியும் இல்ல?"

"தெரியும் ஆன்ட்டி. மார்க்கைத் தொடமாட்டேன். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்த வலி போட்டியில கலந்துக்கிட்டா, பரிசு உண்டா?"

அவர் கம்பியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். அது வேறு யாருடைய கையோ என்பதுபோல் நிதானமாகப் பார்த்தார். பொய் சொல்ல அவருக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும்.

"உண்டு," என்றார்.

"ரெண்டாவதா, மூணாவதா?"

"முதல் பரிசு," என்றார். "பக்கத்துலகூட யாரும் இல்ல."

டாக்டர் சிஸ்டரின் கையைத் தடுத்து நிறுத்தினார். கட்டிலருகில் குனிந்து, "அம்மா, பிரசவ வலிக்கு எத்தனை போட்டீங்க?" என்று கேட்டார்.

ஆன்ட்டி மகனைப் பார்த்தார். "இவனுக்கா? ரெண்டரை."

"மா," என்றார் மகன். "நான் பொறந்தப்ப நீ பிழைக்கவே மாட்டேன்னு நெனச்சாங்கன்னு பெரியம்மா சொல்வாங்களே?"

"ஆமா. அதான் ரெண்டரை."

"அட தேவுடா," என்று வாசலில் ஆயாம்மா குரல் கேட்டது.

அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. டாக்டர் கட்டைப் பிரித்துக் காயத்தைப் பார்த்தார், கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தார், பாதவிரல்களை ஆட்டச் சொன்னார். வேறு கோளாறு எதுவும் இல்லை, மருந்துதான் போதவில்லை என்று உறுதியான பிறகு, ஊசிக்குழலில் மருந்தை எடுத்து டியூப் வழியாக மெதுவாகச் செலுத்தினார். "சிஸ்டர், இனிமே இவங்க மூணுன்னா நீங்க ஒம்போதுன்னு எழுதிக்கோங்க," என்றார்.

"என் மூணை யாரும் ஒம்போது ஆக்கக்கூடாது," என்றார் ஆன்ட்டி.

டாக்டர் யோசித்தார். "சரி, மூணுன்னே எழுதறோம். ஆனா உங்களுக்கு மட்டும், ஒண்ணரை தாண்டினாலே கூடுதல் மருந்து. சரியா?"

"அது உங்க ரூல். அதுல நான் தலையிடமாட்டேன்."

கம்பியிலிருந்து விரல்கள் ஒவ்வொன்றாக விடுபட்டதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நெற்றி வியர்வை காய்ந்தது. தண்ணீர் கேட்டார். "ரெண்டு," என்றார். பிறகு, "ஒண்ணு." பிசியோ இளைஞர் மறுபடி வந்து கணுக்காலில் கை வைத்தார். முட்டி மடங்கியது. இன்னும் மடங்கியது. நாற்காலியில் உட்காருகிற அளவுக்கு மடங்கியது. எனக்குக் கத்தவேண்டும் போல இருந்தது. ஆயாம்மா கத்தியேவிட்டார். ஆன்ட்டி தன் முழங்காலைப் புதுச் சட்டையைப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இளைஞரிடம், "உனக்கு அஞ்சு. காலையில ரெண்டு," என்றார்.

என்னிடம் அன்று முழுக்கப் பேசவில்லை. மறுநாள் நான் கஞ்சி கொடுக்கும்போது மட்டும், "நீ செஞ்சதுக்கு இன்னும் மார்க் போடல. யோசிக்கணும்" என்றார்.

மருத்துவமனையிலிருந்து நேரே எங்கள் கட்டடத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு தரைத்தள வீட்டுக்குப் போய்ச் சில வாரங்கள் பயிற்சி. மகன் விடுப்பை நீட்டித்துக்கொண்டே போனார். அவர் விமானம் ஏறுவதற்கு முந்தைய நாள் காலை, ஆன்ட்டி எங்கள் கட்டட வாசலில் வந்து நின்றார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டார். ஏறும்போது நல்ல கால் முதலில் என்று முணுமுணுத்துக்கொண்டார். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் ஆட்கள் நின்றிருந்தார்கள், தேர் பார்ப்பதுபோல. யாரும் கைதட்டக்கூடாது என்று முன்பே உத்தரவு. இரண்டாவது மாடியில் நின்று மூச்சு வாங்கினார். மகன் கையை நீட்டினார், பிறகு தானே இழுத்துக்கொண்டார். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேலே நின்று எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். கடைசிப் படியில் புதுக் கால் வந்து நின்றது. அவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் தன் வீட்டுக் கதவைத் திறந்தார்.

"பத்து மா," என்றார் மகன்.

"அளவு தெரியாம வாரிக் குடுக்காதே. நாலு."

மகன் என்னைப் பார்த்தார். "நாலுன்னா முதல் பரிசுதானே?" என்று கேட்டார். அதன்பிறகு கோயம்புத்தூர் பற்றி வாயே திறக்கவில்லை.

அந்தப் படிகளை அவர் நெடுநாள் ஏறி இறங்கினார். பிறகு கட்டடத்தையே இடித்து லிஃப்ட் வைத்துக் கட்டப்போவதாக முடிவாகி எல்லோரும் சிதறினோம். நாங்கள் அடையாறுக்கு வந்துவிட்டோம். அவர் மந்தைவெளியில் ஒரு வீட்டில் இருந்துவிட்டு, இப்போது மகனோடு டொரன்டோவில் இருக்கிறார். பனிக்கு இரண்டு மார்க்காம்.

என் மகள் முதல் வகுப்பு படிக்கிறாள். அவரிடமிருந்து மார்க் போடும் பழக்கம் அவளுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. விழுந்தாலும் அழமாட்டாள், எண் சொல்வாள். போன மாதம் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வந்து "ரெண்டு" என்றாள். ரெண்டுதானே என்று விட்டேன், எக்ஸ்ரேயில் விரிசல். அடுத்த வாரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு "நாலு" என்றாள். அலறியடித்து ஓடினேன், அன்று பள்ளியில் கணக்குத் தேர்வு. இவளுடைய அளவு எது என்று எனக்குப் பிடிபடவில்லை. டொரன்டோவுக்குக் குரல் செய்தி அனுப்பிக் கேட்டேன். பதில் வந்தது: "அது அவ மார்க். நீ ஏன் கேக்கறே? அப்புறம், அன்னைக்கு நீ செஞ்சதுக்கு இன்னும் போடல. மறக்கல."

நேற்று முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தாள். மருந்து போட்டுக்கொண்டே, "எவ்வளவு வலிக்குது?" என்றேன். "மூணு" என்றவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உனக்கு எவ்வளவு பயமா இருக்கும்மா, பத்துக்கு?" என்று கேட்டாள்.

"மூணு," என்றேன் நானும்.

படிக்கிறவர்களில் பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். உங்கள் வீட்டில் ஒருவர் தன் வலிக்கு ஓர் எண் சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்கிறீர்களா, கூட்டிக்கொள்கிறீர்களா, கழித்துக்கொள்கிறீர்களா? அவர்கள் கோபித்துக்கொள்ளாமல் அதைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா? இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். அந்தச் சிராய்ப்பை நான் இன்று காலையிலிருந்து பலமுறை பார்த்துவிட்டேன்.